எங்க வம்சத்துலயே வைரஸ் கிடையாது!

பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் இருப்பார். வெற்றிலையை மென்றுகொண்டே, "எங்க வம்சத்துல யாருக்குமே சுகர் கிடையாது" என்பார். கேட்கிற எல்லோருக்கும் ஒரே பிரமிப்பு. அந்த வம்சத்தில் இதுவரை ஒருத்தரும் ரத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்ததே இல்லை என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியவரும்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் வம்சங்கள் உண்டு. விண்டோஸ் வம்சம், மேக் வம்சம், யூனிக்ஸ் வம்சம், அந்த வீட்டில் பிறக்காமலே அதே முகஜாடையோடு வந்து நிற்கும் லினக்ஸ். இதில் விண்டோஸ்காரர்கள் மட்டும் பாவம், பெருமை பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். மற்ற மூவரும் இன்றைக்கும் வெற்றிலை மெல்கிறார்கள்.

2006 மே மாதம் ஆப்பிள் ஒரு விளம்பர வரிசையை இறக்கியது. வெள்ளைப் பின்னணியில் இரண்டு பேர். ஜீன்ஸ் போட்ட ஒல்லி இளைஞன் மேக். கோட்டும் தொந்தியுமாக இருப்பவர் பிசி. அதில் ஒரு விளம்பரத்தில் பிசி அண்ணனுக்கு ஒரே தும்மல், இருமல். "கிட்ட வராதே, ஒட்டிக்கும். போன வருஷம் பிசிக்கு வந்த வைரஸ் மட்டும் 1,14,000" என்கிறார். மேக் தம்பி ஒரு டிஷ்யூவை நீட்டிவிட்டு, பிசிக்குத்தான், மேக்குக்கு இல்லை என்று கணக்காக ஒரு திருத்தம் போடுகிறார். அதே வருடம் பிப்ரவரியில்தான் ஐசாட் வழியாகத் தொற்றும் 'லீப்' என்ற சமாச்சாரம் மேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. லேசான தும்மல்தான். டிஷ்யூ எடுக்கிற அளவுக்குக்கூட இல்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

அது கிடக்கட்டும். இதைவிடப் பெரிய காமெடி அதற்கு 24 வருடம் முன்னாடியே நடந்திருக்கிறது.

1982. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் மவுண்ட் லெபனான் என்ற ஊர். அங்கே ரிச் ஸ்க்ரெண்டா என்று 15 வயதுப் பையன். வால் பையன். கேம் ஃபிளாப்பிகளை நண்பர்களுக்குக் கொடுப்பான். விளையாட்டு சூடுபிடிக்கிற நேரம் பார்த்து ஸ்க்ரீனில் ஏதாவது நக்கல் வாசகம் வரும்படி உள்ளே கைவைத்திருப்பான். இரண்டு மூன்று தடவை சூடுபட்ட நண்பர்கள் உஷாராகிவிட்டார்கள். "என் ஃபிளாப்பியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டார்கள். சரி, தொடாமலே எப்படி உள்ளே போவது? பையன் உட்கார்ந்து யோசித்தான்.

அப்படி வந்ததுதான் 'எல்க் க்ளோனர்'. தொற்றிய ஃபிளாப்பியைப் போட்டு மெஷினைக் கிளப்பினால் இது மெமரியில் போய்க் குந்திக்கொள்ளும். அடுத்து யார் வந்து எந்த ஃபிளாப்பியைச் செருகினாலும் அதில் ஒரு காப்பி ஏறிவிடும். ஒரு ஃபைலை அழிக்காது, ஒரு பைசா கேட்காது. 49 தடவை வாயைத் திறக்காமல் இருக்கும். 50-வது தடவை பூட் பண்ணும்போது ஸ்க்ரீனில் ஒரு கவிதை வரும். சொந்தக் கவிதை! அதுவும் தன்னைப் பற்றியே!

ஆக, ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஊருக்குள் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று, யாரும் கேட்காமலே கவிதை காட்டுவதற்காக எழுதப்பட்டது. தினமும் காலை 6 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் கவிதை போடுகிறவர்களின் ஆதிபகவன் இந்த ஸ்க்ரெண்டாதான். அவன் எழுதிய கம்ப்யூட்டர் எது என்று சொல்லவில்லையே. விண்டோஸ் கடைக்கு வரவே இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவன் வைத்திருந்தது ஆப்பிள் 2.

மேக் தம்பி, அந்த டிஷ்யூவைக் கொஞ்சம் இப்படிக் கொடுப்பா.

யூனிக்ஸ் வீட்டுக்குப் போவோம். இவர்கள் தாடி வைத்த பேராசிரியர் பரம்பரை. பாஸ்வேர்டு, பெர்மிஷன், அவரவர் ஃபைல் அவரவருக்கு என்று கட்டுக்கோப்பான குடும்பம். 1983 நவம்பரில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர், யூனிக்ஸ் ஓடிய வேக்ஸ் மெஷினில் ஒரு சோதனை செய்தார். 8 மணி நேரம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார். அதை அனுமதியோடுதான் உள்ளே விட்டார். மெஷினின் மொத்த அதிகாரமும் கைக்கு வர சராசரியாக அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது. ஒரு தடவை 5 நிமிடம்கூட ஆகவில்லை. 'வைரஸ்' என்று அதற்குப் பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லென் ஏடில்மேன். பாங்குப் பரிவர்த்தனையைக் காக்கிற ஆர்.எஸ்.ஏ. என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதில் கடைசி எழுத்து இவர்தான்.

முடிவைப் பார்த்து நிர்வாகம் வெலவெலத்துப் போனது. உடனே நடவடிக்கை எடுத்தார்கள். ஓட்டையை அடைத்தார்களா என்றால், அதெல்லாம் இல்லை. இனிமேல் இந்த மெஷினில் பாதுகாப்புச் சோதனையே நடத்தக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். பாஸ்டிங் சுகர் 280 என்று வந்தால் லேபை மூடச் சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 1988 நவம்பர் 2 ராத்திரி, அந்த வீட்டுக்கு வந்தது பெரிய கண்டம். ராபர்ட் டாப்பன் மாரிஸ், கார்னெல் பல்கலைக்கழக மாணவர். இணையம் எவ்வளவு பெரிசு என்று பார்க்க ஆசைப்பட்டு ஒரு புழுவை எழுதினார். கார்னெல்லில் இருந்து விட்டால் மாட்டிக்கொள்வோம் என்று, சமத்தாக எம்.ஐ.டி. மெஷின் ஒன்றில் ஏறி அங்கிருந்து விட்டார். மெயில் அனுப்பும் புரோகிராமில் டெவலப்பர் மறந்துபோய்த் திறந்து வைத்த கதவு ஒன்று, ஃபிங்கர் என்ற சேவையில் ஒரு ஓட்டை, போதாததற்கு 432 சொற்கள் கொண்ட பாஸ்வேர்டு லிஸ்ட் ஒன்று. பல்கலைக்கழக மேதைகள் எல்லாம் என்ன பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் போட்ட லிஸ்ட். வேலை செய்தது என்பதுதான் மேதைகளுக்கு அவமானம்.

மாரிஸ் தம்பி அயோக்கியன் இல்லை. ஒரு மெஷினில் புழு ஏற்கெனவே இருந்தால் இன்னொன்று ஏறக்கூடாது என்றுதான் நினைத்தார். அப்புறம் ஒரு சந்தேகம். அட்மின்கள் கெட்டிக்காரர்களாச்சே, "இங்கே ஏற்கெனவே இருக்கு" என்று பொய் பதில் சொல்ல வைத்துவிட்டால்? அதனால் 'இருக்கு' என்று பதில் வந்தாலும் 7-ல் ஒரு தடவை ஏறிவிடு என்று எழுதிவிட்டார். அந்த ஒற்றை அதிபுத்திசாலித்தனம்தான் அமெரிக்காவைப் படுக்க வைத்தது. ஒரே மெஷினில் புழு மேல் புழு ஏறி, எல்லாம் மூச்சுத் திணறி நின்றுபோயின. பயந்துபோனவர் ஒரு நண்பர் மூலம், இதை எப்படி நிறுத்துவது என்று மொட்டைக் கடிதாசி போட்டார். அது போய்ச் சேரவில்லை. நெட்வொர்க்கை அடைத்துக்கொண்டு நின்றது அவருடைய புழுவேதான்.

எத்தனை மெஷின் விழுந்தது? எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் 6,000 என்று கம்பீரமாகப் போட்டிருக்கும். மாரிஸின் நண்பர் பால் கிரஹாம் பின்னாளில் போட்டு உடைத்தார்: அந்த எண் பிறந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், இணையத்தில் சுமார் 60,000 மெஷின் இருக்கும், அதில் 10 சதவீதம் விழுந்திருக்கும் என்று ஒருத்தர் குத்துமதிப்பாகச் சொன்னது அது என்றார். வரலாற்றின் பல துல்லியமான எண்களுக்கு ஜாதகம் இப்படித்தான் இருக்கும்.

இருங்கள், உச்சக்கட்டமே இனிமேல்தான். இந்தப் பையனின் அப்பா யார்? ராபர்ட் மாரிஸ் சீனியர். யூனிக்ஸின் பாஸ்வேர்டு பாதுகாப்பை வடிவமைத்தவர்களில் ஒருவர். பையன் புழு விட்ட சமயத்தில் அவருக்கு வேலை, அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் தேசியக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. நாட்டுக்கே பூட்டு போடுகிறவர் வீட்டில் சாவி எப்படிப் புழங்கியதோ! பையனுக்கு 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அப்புறம்? புதுக் கம்பெனிகளுக்கு முதல் போடும் ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பேராசிரியர் வேலையும் கிடைத்தது. எங்கே என்கிறீர்கள்? புழுவை எந்த வாசலில் நின்று விட்டாரோ, அதே எம்.ஐ.டி.யில்.

இதற்கு நடுவே நம் பக்கத்து வீட்டுக்காரர்களை விட்டுவிட்டோம். 1986-ல் லாகூரில் பாஸித், அம்ஜத் என்று இரண்டு ஆல்வி சகோதரர்கள். எழுதிய மருத்துவ சாஃப்ட்வேரை எல்லோரும் ஓசியில் காப்பி அடிக்கிறார்களே என்று வயிறெரிந்து, பிசியின் டாஸ் ஃபிளாப்பியில் தொற்றும் ஒன்றை எழுதினார்கள். 'பிரெய்ன்'. பிசி உலகின் முதல் வைரஸ் என்று பெயர் வாங்கியது இதுதான். உலகத்தில் எந்தத் திருடனும் செய்யாத ஒன்றை இந்த அண்ணன் தம்பி செய்தார்கள்: வைரஸுக்குள் தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர்கள் எல்லாவற்றையும் எழுதி, தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்பு கொள்ளவும் என்று போட்டுவிட்டார்கள். வைரஸா விசிட்டிங் கார்டா என்றே சந்தேகம் வரும்.

சொந்த ஊரைத் தாண்டிப் போகாது என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் இருந்தெல்லாம் போன் வர ஆரம்பித்தது. 25 வருடம் கழித்து, 2011-ல், பின்லாந்தின் மிக்கோ ஹைப்போனன் என்ற வைரஸ் ஆராய்ச்சியாளர் அந்த முகவரியை எடுத்துக்கொண்டு லாகூருக்குப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தது அதே சகோதரர்கள். அதே முகவரி. இப்போது இன்டர்நெட் கம்பெனி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வைரஸ் வந்து படுத்துகிறதாம்!

பிரெய்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆஹா இதில் காசு இருக்கிறதே என்று கடை போட்டவர் ஜான் மெக்காஃபி. 1992 மார்ச் 6-ம் தேதி மைக்கேலாஞ்சலோ வைரஸ் வெடிக்கப் போகிறது, 50 லட்சம் கம்ப்யூட்டர் காலியாகலாம் என்று பேப்பருக்குப் பேப்பர் பயமுறுத்தினார்கள். அந்த எண்ணுக்கு இவர் பெயர்தான் சாட்சிக்கு நின்றது. ஜனங்கள் அடித்துப் பிடித்து ஆன்ட்டி-வைரஸ் வாங்கினார்கள். மார்ச் 6 வந்தது. சில ஆயிரம் மெஷின்களோடு முடிந்துபோனது. அதே மெக்காஃபி 2013-ல் ஒரு வீடியோ போட்டார். தலைப்பு: மெக்காஃபி ஆன்ட்டி-வைரஸைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்குவது எப்படி.

சரி, ஊரே அடித்துத் துவைத்த விண்டோஸ். இவர்கள் பேரில் பழி இல்லாமலும் இல்லை. விண்டோஸ் 98-ல் பாஸ்வேர்டு கேட்கும். தெரியாவிட்டால்? கேன்சலை அழுத்தினால் உள்ளே விட்டுவிடும்! வாட்ச்மேன் "யார் நீங்க?" என்பான், "சொல்ல மாட்டேன்" என்றால் "சரி சார், போங்க" என்பான். 1995-ல் வந்த கான்செப்ட் என்ற வேர்ட் மேக்ரோ வைரஸ், மைக்ரோசாஃப்ட்டே அனுப்பிய சி.டி. ஒன்றில் ஏறி ஊர் சுற்றியது. வைரஸ் என்று சொல்ல மைக்ரோசாஃப்ட்டுக்கு வாய் வரவில்லை. 'பிராங்க் மேக்ரோ', அதாவது குறும்பாம். அந்தக் குறும்பு மேக்கில் இருந்த வேர்டிலும் சமர்த்தாக வேலை செய்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

2000 மே 4. உலகம் முழுக்க ஆபீஸ்களில் காலை மெயிலைத் திறந்தால் சப்ஜெக்ட்டில் 'ஐ லவ் யூ'. அனுப்பியவர் யார் என்று பார்த்தால் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் மேனேஜர். இருபது வருடமாக இன்க்ரிமென்ட் தராதவர், இன்றைக்கு லவ் லெட்டர் தருகிறார்! கூடவே ஒரு ஃபைல். பெயர் '.டெக்ஸ்ட்' என்று முடிகிறது. வெறும் எழுத்துதானே, என்ன ஆகிவிடும்? அதற்கு அப்புறமும் '.விபிஎஸ்' என்று ஒரு வால் இருந்தது. வாலைக் காட்டினால் ஜனங்கள் குழம்பிவிடுவார்களே என்ற பரிவில் விண்டோஸ் அதை மறைத்துவைத்திருந்தது. க்ளிக் பண்ணினார்கள். அட்ரஸ் புக்கில் இருந்த அத்தனை பேருக்கும் அவர்கள் சார்பில் காதல் கடிதம் பறந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மெயில் சர்வரையே இழுத்து மூடியது.

எழுதியவர் மணிலாவில் இருந்த ஓனெல் டி குஸ்மான் என்ற மாணவர். இன்டர்நெட்டுக்குக் காசு கட்ட வசதி இல்லாதவர்கள் அடுத்தவர் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்வது எப்படி என்று கல்லூரியில் ஆய்வுத் திட்டம் கொடுத்திருந்தார். இது திருட்டு என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். அமெரிக்க ராணுவத் தலைமையகம் வரை தடுமாற வைத்தவரை என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போது பிலிப்பைன்ஸில் அதற்குச் சட்டமே கிடையாது. அடுத்த மாதமே அவசரமாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆனால் போன மாதக் குற்றத்துக்கு இந்த மாதச் சட்டம் செல்லாதே! ஏறத்தாழ 20 வருடம் கழித்து ஜெஃப் வைட் என்ற பத்திரிகையாளர் அவரைத் தேடிப் பிடித்தார். மணிலாவில் ஒரு சின்னக் கடையில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தை மேக்கில் திறந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே மேக் வம்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது. ஆனால் எழுதியவன் உங்களை நினைத்தே பார்க்கவில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்? பத்துக்கு ஒன்பது மேஜையில் விண்டோஸ் இருந்த காலத்தில், அந்த ஒற்றை மேஜைக்காக எவன் ராத்திரி கண் விழிப்பான்?

விழிக்க ஆள் வந்த கதையும் உண்டு. 2012 ஏப்ரலில் டாக்டர் வெப் என்ற ரஷ்யக் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. ஜாவா ஓட்டை வழியாக 'ஃபிளாஷ்பேக்' என்ற சமாச்சாரம் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் ஏறியிருக்கிறது. ஜாவாவுக்குச் சொந்தக்காரரான ஆரக்கிள் அந்த ஓட்டையைப் பிப்ரவரியிலேயே தைத்துவிட்டது. ஆப்பிள் தன் வீட்டு ஜாவாவைத் தானே தைத்துக்கொள்ளும் கௌரவம் உள்ள குடும்பம், ஏப்ரல் வரை ஊசியைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த 6 லட்சத்தில் 274 மெஷின் இருந்த ஊர் எது தெரியுமா? குப்பர்டினோ. ஆப்பிளின் தலைமையகம் இருக்கிற ஊர்.

ஜூன் மாதம் ஆப்பிளின் இணையதளத்தில் "பிசி வைரஸ் இதற்கு வராது" என்றிருந்த வாசகம் சத்தமில்லாமல் காணாமல் போனது. அந்த இடத்தில், பாதுகாப்பாக இருக்கும்படி கட்டப்பட்டது என்று அடக்கமாக ஒரு வரி. எவ்வளவு பாதுகாப்பு? 2017 நவம்பரில் மேக்கின் ஹை சியரா ஓ.எஸ்.ஸில் ஒருவர் கண்டுபிடித்தார்: பெயர் கேட்கும் இடத்தில் 'ரூட்' என்று அடியுங்கள், பாஸ்வேர்டை காலியாக விடுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை பட்டனை அழுத்துங்கள். மெஷினின் முழு ராஜ்யமும் உங்களுக்குத்தான். விண்டோஸ் 98-ஆவது கேன்சல் பண்ணச் சொன்னது.

லினக்ஸ் அன்பர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் 1997-ல் 'பிளிஸ்' என்று ஒன்று வந்தது. மரியாதை தெரிந்த வைரஸ். 'ப்ளீஸ்' என்று முடியும் ஒரு கட்டளையைக் கொடுத்தால், தானே எழுந்து போய்விடும். நம் தமிழ்நாட்டு இலவச லேப்டாப்பிலும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் இருந்தன. அதில் பாஸை எத்தனை பேர் திறந்தீர்கள்? யாருமே திறக்காத ஓ.எஸ்.ஸை விடப் பாதுகாப்பான ஓ.எஸ். உலகத்தில் கிடையாது.

லினக்ஸ் வீட்டுப் பெருமை, கோடு எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கிறது, ஆயிரம் கண் பார்த்தால் எந்த ஓட்டையும் தப்பாது என்பது. 2014 செப்டம்பரில் 'ஷெல்ஷாக்' வெளியே வந்தது. பாஷ் என்ற அடிப்படை புரோகிராமில், வெளியாள் உள்ளே கட்டளை ஓட்ட வழிவிடும் ஓட்டை. அது அங்கே 1989-லிருந்து இருந்தது. ஆயிரம் கண்ணும் 25 வருடம், பக்கத்துக் கண் பார்த்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கின்றன.

கடைசியாக இன்னொரு வம்சம். இவர்களுக்கு ஓ.எஸ். சண்டையே வேண்டாம். "எங்கள் மெஷினுக்கு வெளியுலகத்தோடு கம்பியே கிடையாது, எப்படி வரும்?" ஈரானின் நடான்ஸ் அணு நிலையமும் அப்படித்தான் நினைத்தது. 2010-ல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற புழு கம்பி கேட்கவில்லை. பென் டிரைவ் போதும் என்றது.

2019 அக்டோபர் கடைசியில் நம் கூடங்குளம் பெயர் அடிபட்டது. அணுமின் நிலையத்தில் டி-ட்ராக் என்ற மால்வேர் என்று பேச்சு. அக்டோபர் 29-ம் தேதி நிலையத்திலிருந்து கண்டிப்பான அறிக்கை: எல்லாம் பொய்த் தகவல், கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. இரண்டு உலைகளும் 1,000 மெகாவாட், 600 மெகாவாட் என ஓடிக்கொண்டிருக்கின்றன என்று கணக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

மறுநாள், அக்டோபர் 30, தலைமை நிறுவனமான இந்திய அணுமின் கழகத்திடமிருந்து இன்னொரு அறிக்கை: மால்வேர் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான். ஒரே ஒரு கம்ப்யூட்டர். நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்தது. உலைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த விஷயத்தை மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு தங்களுக்குச் சொன்னது செப்டம்பர் 4-ம் தேதி.

அதாவது, எல்லாம் பொய் என்று அறிக்கை விட்டபோது, அந்தப் பொய் உள்ளே வந்து அகப்பட்டு 55 நாள் ஆகியிருந்தது. அந்த மறுப்பு அறிக்கையை எந்த ஓ.எஸ். போட்ட கம்ப்யூட்டரில் டைப் அடித்தார்கள் என்ற விவரம் மட்டும் எதிலும் இல்லை.